பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருக்கலாம்

சிவப்பு விளக்கு எரிந்தால் நான் சைக்கிளை நிறுத்திவிடுவேன், தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும். கோபன்ஹேகனில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதையும் நீங்கள் உங்கள் விசாரணை அறிக்கையில் குறித்துக்கொள்ளலாம்.

அந்த வெள்ளிக்கிழமை அமைச்சகத்தில் எனக்கு இட்ட வேலை சும்மா இருப்பது. ஐரோப்பாவின் வணிகம், வரி, வெளியுறவு மூன்றையும் ஒரே முடிச்சில் போட்ட உடன்பாடு அது. பகல் பன்னிரண்டு மணிவரை இருபத்தேழு நாடுகளில் ஒன்றுகூட எழுதி மறுக்காவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாக அர்த்தம். எங்கள் அரசு ஆதரவு என்று முந்தைய வாரமே நாடாளுமன்றக் குழுவில் சொல்லியாகிவிட்டது. எங்கள் பிரிவின் ரக்ன்ஹில் எட்டு வருடம் அதற்காக நாயாய் அலைந்தாள். முழங்கால் அறுவை சிகிச்சையைக்கூட இரண்டு முறை தள்ளிப்போட்டாள்.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு நான் எல்லா நாடுகளுக்கும் எழுதி அனுப்பினேன்: 'டென்மார்க்கால் இதை ஏற்க இயலாது.' மரியாதையான வாக்கியம்தான்.

பிறகு நடந்ததற்கெல்லாம் என்னைச் சொன்னால் எப்படி? எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஐந்து நாடுகள் ஆளுக்கொரு மறுப்பை அனுப்பின. ஒன்று பழைய மீன்பிடிச் சண்டையைக் கிளப்பியது. இன்னொன்று தன் தூதரையே திரும்ப அழைத்துக்கொண்டது. எங்கள் அமைச்சர் கறுப்பு ரொட்டியும் ஊறுகாய் மீனும் வாயில் இருக்க, தன் நிலைப்பாடு என்ன என்பதைத் தொலைக்காட்சி பார்த்துத் தெரிந்துகொண்டார். பாவம்.

ரக்ன்ஹில் என் மேசைக்கு வந்தாள். அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ப்ரேபென், நம்ம நாடு இதுக்கு எப்ப எதிரா மாறுச்சு?"

"பதினொன்னே முக்காலுக்கு."

"யாரு சொன்னா?"

"நிலைமை அப்படி."

"எட்டு வருஷம்பா. இன்னும் பன்னெண்டு நிமிஷம் உன்னால சும்மா இருக்க முடியலையா?"

நான் எந்த நாட்டின் ஒற்றன் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். வரிக்கொள்கையில் எனக்கு என்ன மனக்குறை என்றும் கேட்டீர்கள். ஒரு குறையும் இல்லை. அருமையான உடன்பாடு. அதன் பதினான்காம் பிரிவை எழுதியதே நான்தான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கள் பிரிவில் எல்லோரும் நீள மேசையைச் சுற்றி உட்காருவோம். முறை வந்தவர் வீட்டில் செய்த கேக் கொண்டுவர வேண்டும். மறந்தால் யாரும் திட்டமாட்டார்கள். வெறும் தட்டைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பார்கள். எங்களோடு வேலை பார்த்த மோகன்ஸ் ஒருமுறை மறந்தான். பதினாறு வருடம் கழித்து அவனுடைய பிரிவுபசார விழாவில் அமைச்சரே அதைச் சொல்லிச் சிரித்தார். மனைவி பக்கத்தில் நிற்க, மோகன்ஸும் சிரிக்கவேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை என் முறை. பதினொன்றே முக்காலுக்குத்தான் ஞாபகம் வந்தது.

மறுப்பு கிளப்பிய அமளியில் அன்று ஒருவரும் மேசைக்கு வரவில்லை. ரக்ன்ஹில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டுக்குப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒற்றன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எந்த நாடு என்பதையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்திட்டுத் தருகிறேன். கேக் விஷயம் மட்டும் வெளியே போகவேண்டாம். நாளைக்கு நாலு பேர் முகத்தில் நான் விழிக்க வேண்டாமா?