நூற்றுப் பன்னிரண்டும் பச்சை

ஷம்சுதீன் பாய், போன வாரம் கேன்டீனில் நீங்கள் வாங்கிக் கொடுத்த தே தாரிக் டீக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். ஃபேக்டரியின் பாதுகாப்பு அதிகாரி என்னோடு உட்கார்ந்து தே குடிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. விபத்தைப் பற்றி விசாரிக்க வந்த நீங்கள் என்னிடம் கேட்டது அப்டேட் லிஸ்டை மட்டும்தான். கொடுத்தேன். பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்கள்.

அந்த லிஸ்ட் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். பத்து பெரண்டாம் ஊரில் இருக்கிற நம் ஃபேக்டரியில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தால் கால் தேய்ந்துவிடும். அதனால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். திங்கட்கிழமை காலை அது எல்லாக் கம்ப்யூட்டரையும் விசாரிக்கும். அப்டேட் ஏறியிருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. மூன்று வருடமாக என் லிஸ்டில் சிவப்பு இருந்ததில்லை. ஆடிட்டர்களும் லிஸ்டைத்தான் பார்ப்பார்கள், மெஷின் பக்கம் யாரும் போவதில்லை. எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

ஏப்ரலில், தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ்ஸின் கம்ப்யூட்டருக்கு ஓர் அப்டேட் வந்தது. தடுப்புக் கதவைத் திறந்தால் பிரஸ் நிற்க வேண்டும். ஆனால் ஸ்கிரீன் உறைந்திருந்தால் நிற்காது. அதைச் சரிசெய்கிற அப்டேட். பழைய கம்ப்யூட்டர், இரண்டு முறை முயன்றும் ஏறவில்லை. ஆடிட்டுக்கு மூன்று நாள் இருந்தது. ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன்: நாலாம் நம்பர் என்றால் விசாரிக்காதே, பச்சை போடு.

ஆடிட் முடிந்த மறுநாள் ஃபிரெடி அண்ணன் வந்தார். அந்தப் பிரஸ்ஸில் வேலை செய்தவர். சர்ச்சில் எனக்கு முன்வரிசையில் உட்காருபவர்.

"எட்வின், நாலாம் நம்பர் ஸ்கிரீன் அடிக்கடி ஜாம் ஆவுதுலா. கைய உள்ள விடவே பயமா இருக்குப்பா. அப்டேட் எல்லாம் ஏத்திட்டியா?"

என் ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன். "பாருங்கண்ணே, பச்சை."

"அப்ப சரி. நீ சொன்னா சரிதான்."

பன்னிரண்டு நாள் கழித்து, சிக்கிய தகட்டை எடுக்கக் கதவைத் திறந்து இரண்டு கையையும் உள்ளே விட்டார். மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். நான் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தேன். பச்சைதான் வந்தது. மனசு கொஞ்சம் அடங்கியது.

விபத்துக்கு அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று நீங்கள் எழுதினீர்கள். நான் உங்களிடம் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது, கேட்டதைத்தான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அண்ணன் திரும்பினார். பழக்க தோஷத்தில் நான் கையை நீட்டிவிட்டேன். அவர் மனைவி அக்னஸ் அக்காதான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இத்தனை நாள் நிறுத்தி வைத்திருந்த நாலாம் நம்பரை நேற்று மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். அதில் இப்போது திலீப். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இன்று காலை என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, அந்தக் கம்ப்யூட்டர் ஓகேதானே?"

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன்.

எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டேன், பாய். வெள்ளிக்கிழமை அடுத்த ஆடிட். அது முடிந்ததும் இதை உங்களுக்கு அனுப்பிவிடுவேன். மூன்று நாள்தானே, அதுவரை திலீப் கவனமாக இருந்துகொள்வான்.