எத்தனை சட்டை தைத்தால் தொழில்?

– கதவைச் சாத்து. தாழ்ப்பாள் போடு. அந்த மிஷினை முதல்ல நிறுத்து.

– என்னங்க இது? ஆபீஸ் போன மனுஷன் பதினோரு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிறீங்க? உடம்புக்கு என்ன?

– உடம்புக்கு ஒண்ணுமில்ல. நிறுத்துன்னு சொன்னேன்ல. சத்தம் தெரு வரைக்கும் கேக்குது.

– இந்தச் சட்டைக் கை மட்டும் ஓட்டிட்டு நிறுத்துறேன். ஒரு நிமிஷம்.

– ஒரு நிமிஷமெல்லாம் இல்ல! ஜன்னல் பக்கம் வா. திரையை விலக்காத, ஓரமா பாரு. அந்த வெள்ளை ஜீப் எங்க ஆபீஸ் ஜீப். மேடம் வந்திருக்காங்க.

– உங்க பெரிய மேடமா? அதுக்கா இந்த ஓட்டம்? வரி ஆபீஸ் கிளார்க்குக்கே வரி ஆபீசரைக் கண்டா பயமா? நல்லா இருக்கே கதை.

– சிரிக்காத. காலையில ஒரு லிஸ்டைக் குடுத்து மூணு காப்பி எடுன்னாங்க. பதிவு இல்லாம தொழில் நடத்துறவங்க லிஸ்ட். ஏழாவது வரியில நம்ம கதவு நம்பர். மூணாவது மாடி, தையல். கையில இருந்த பேப்பர் அப்படியே நழுவிடுச்சு. வயித்து வலின்னு சொல்லிட்டு பஸ் பிடிச்சு வந்து இறங்கறேன், ஜீப் எனக்கு முன்னாடி வந்து நிக்குது. பின்படி வழியா ஏறி வந்தேன்.

– ஏழாவது வரியா?

– ஆமா. பக்கத்துல கடுதாசித் தகவல்னு மட்டும் இருக்கு, பேர் இல்ல. எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். போன வாரத்துத் தேதி. பாவி, ஒண்ணு விடல. மூணு மிஷின், அதுல ஒண்ணுக்கு பெடல் போச்சுன்னுகூட எழுதியிருக்கான்!

– சரி, வரட்டுமே. பதிவு பண்ணிக்கிட்டாப் போச்சு. தலையையா எடுத்துருவாங்க?

– உனக்குப் புரியல. நான் ஒரு காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

– என்ன பண்ணீங்க?

– புது வரிச் சட்டம் வந்தப்போ ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் ஒரு ஃபார்ம் வாங்கினாங்க. உங்க வீட்ல யாராவது தொழில் நடத்துறாங்களான்னு. நான் இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

– இல்லேன்னா எழுதினீங்க?

– மத்தவங்கன்னா அபராதத்தோட போகும். வரி ஆபீஸ்ல இருக்கிறவன் பொய் எழுதினா வேலையே போகும். அதோடயும் விடமாட்டாங்க, கேஸ் போடுவாங்க. என் பக்கத்து சீட்டுக்காரர், அண்ணன் கடையை மறைச்சாருன்னு போன மாசம் கூட்டிட்டுப் போனாங்க. அவரோட டிபன் பாக்ஸ் இன்னும் அலமாரியிலயே இருக்கு. அதைத் தொடக்கூட எல்லாருக்கும் பயம்.

– இதை ஏங்க என்கிட்ட சொல்லல?

– சொல்ல என்ன இருக்கு? எனக்கு அப்போ தோணவே இல்ல. சத்தியமா தோணல. நீ பாட்டுக்கு வீட்ல சும்மா தைச்சுக்கிட்டு இருக்கே. அதைப் போய் யாராவது தொழில்னு நினைப்பாங்களா?

– சும்மா.

– இப்போ வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காத. என்ன, முகமெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சு? உக்காரு. ஊசியைக் கீழ போட்டுட்ட பாரு, கால்ல குத்தப் போகுது.

– எடுத்துடறேங்க.

– அதை அப்புறம் எடுக்கலாம். மேடம் எந்த மாடியில இருக்காங்கன்னு பாரு. கதவுல காதை வை.

– கீழதான். இஸ்திரிக்காரர் குரல் கேக்குது. இஸ்திரி மேசை ஒண்ணா ரெண்டான்னு கேக்கிறாங்க. அவர் பேசுறது அழுவுற மாதிரி இருக்கு.

– அவன்தான்! கடுதாசி போட்டவன் அவன்தான். சட்டை வாங்க, குடுக்கன்னு வாரம் ரெண்டு தடவை உள்ள வரான். பெடல் போனது வேற யாருக்குத் தெரியும்?

– அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க.

– பயம் வந்துட்டா எல்லாரும் அப்படிப்பட்ட ஆள்தான். துணியைச் சுருட்டு. அந்த நீலச் சட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளு. மிஷின் மேல போர்வையைப் போடு, மேசைன்னு நினைக்கட்டும்.

– துணிக்கடைக்குக் குடுக்க வேண்டிய நாப்பது சட்டை இருக்குங்க.

– நாப்பதா! பொத்தான் டப்பா எங்க?

– டிவி பக்கத்துல. நீங்கதானே தைச்சுட்டு அங்க வச்சீங்க.

– சாயங்காலம் கை சும்மா இருக்கேன்னு தைச்சேன். அதை வேற யார்கிட்டயும் சொல்லி வைக்காத.

– ஒண்ணு கேக்கிறேன். இந்தச் சட்டம் வந்த அன்னைக்கு டிவி முன்னாடி நின்னு கைதட்டினீங்களே. தனி ஆள்கிட்ட இனிமே காலணா வரி கிடையாது, தொழில் நடத்துறவன் கட்டட்டும்னு.

– தட்டினேன். சட்டப்படி பார்த்தா அது நியாயம்தான். உழைச்சுச் சாப்பிடறவன் மடியில எதுக்குக் கை வைக்கணும்? லாபம் பாக்கிறவன் கட்டட்டும். இதையெல்லாம் பேசுற நேரமா இது?

– எத்தனை சட்டை தைச்சா ஒரு ஆள் தொழில் ஆகிறான்?

– சட்டப்படி பார்த்தா... காசு வாங்கி ஒண்ணு தைச்சாலே தொழில்தான்.

– நீங்களும் காசு வாங்கித்தானே ஃபைல் கட்டுறீங்க?

– அது சம்பளம். நான் தனி ஆள்.

– நான் உழைச்சுச் சாப்பிடலையா?

– ஐயோ, யாரு இல்லேன்னா?

– நீங்கதாங்க. சட்டம் என்னைத் தனி ஆள் இல்லேங்குது. நீங்க ஃபார்ம்ல தொழிலும் இல்லேன்னுட்டீங்க. அப்போ இந்த மூணு மிஷினுக்கு நடுவுல பதினாறு வருஷமா உக்காந்திருக்கிறது யாரு?

– மெதுவா! கும்பிட்டுக் கேக்கிறேன், மெதுவா பேசு. படியில செருப்புச் சத்தம் கேக்குதா?

– முதல் மாடிக்கு வந்துட்டாங்க. கேக் செய்யறவங்க கதவைத் தட்டுறாங்க.

– இன்னும் ரெண்டே மாடி. இரு, ஒரு வழி இருக்கு. துப்பு குடுக்க எங்க ஆபீஸ்ல ஒரு நம்பர் வச்சிருக்கோம், பேர்கூடக் கேக்க மாட்டாங்க. இஸ்திரிக்காரன் பின்னாடி ஷெட்ல இன்னும் மூணு மேசை ஒளிச்சு வச்சிருக்கான்னு சொல்லிடறேன். மேடம் திரும்பக் கீழ ஓடுவாங்க. கடைக்கு சீல் வைக்கவே ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள மிஷினைப் பின்படி வழியா இறக்கிடலாம்.

– ஷெட்ல மேசையே இல்லீங்களே.

– தேடிப் பார்த்துட்டுப் போகட்டும்.

– சீல் வச்சா அவர் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவாரு?

– நான் எங்க போவேன்? அவன் நமக்குப் பண்ணினதைத்தானே திருப்பிப் பண்றேன். உஷ், ரிங் போகுது.

– போனை வைங்க.

– ரிங் போகுதுன்னு சொல்றேன்...

– வைங்க! கடுதாசி போட்டது நான்.

– என்ன?

– நான்தாங்க. மொட்டைக் கடுதாசியும் இல்ல. கீழ என் பேரெழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினேன். லிஸ்ட்ல அது வரல போல.

– நீயா? நீயேவா?

– ஸ்கூல்ல யூனிஃபார்ம் ஆர்டர் கேட்டுப் போனேன். பதிவு நம்பர் இருக்கான்னாங்க, இல்லேன்னேன். அப்போ என்னம்மா பண்றீங்கன்னு கேட்டாங்க. வீட்ல சும்மாதான் இருக்கேன்னு என் வாயாலயே வந்துடுச்சு. விரல்ல ஊசி குத்தின தழும்போட நின்னு அப்படிச் சொல்றேன். எனக்கே அசிங்கமா இருந்துச்சு. வந்த சூட்டோட எழுதிப் போட்டேன். மூணு மிஷின் இருக்கு, வந்து பாருங்க, பதிவு பண்ணிக் குடுங்க, வரி கட்டுறேன்னு.

– என்கிட்ட ஒரு வார்த்தை...

– எதுக்கு வம்பு, சும்மா இருன்னு சொல்லியிருப்பீங்க. ஆனா உங்க ஃபார்ம் விஷயம் தெரிஞ்சிருந்தா கையை வெட்டிப் போட்டிருப்பேனே தவிர எழுதியிருக்க மாட்டேன். எனக்கு எப்படிங்க தெரியும்?

– ரெண்டாவது மாடி. வந்துட்டாங்க. என் டிபன் பாக்ஸும் இனி அந்த அலமாரியிலதான்.

– அப்படிப் பேசாதீங்க. நான் சொல்லிக்கிறேன். யாரோ என் பேர்ல விளையாடிட்டாங்க, வீட்டுக்குத் தேவையானதை மட்டும்தான் தைக்கிறேன்னு சொல்லிடறேன். ஆர்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க பாத்ரூம்ல போய் இருந்துக்கோங்க.

– நாப்பது சட்டைக்கும் பொத்தான் ஆச்சா?

– என்னங்க கேக்கிறீங்க இந்த நேரத்துல?

– பொத்தான். நேத்து பாதியில வச்சேனே.

– ஒம்பது சட்டை பாக்கி. போங்க உள்ள, சத்தம் கிட்ட வந்துடுச்சு.

– பெல் அடிக்கிறாங்க.

– போங்கங்க! ஐயோ, அங்க எங்க போறீங்க? கதவைத் திறக்காதீங்க!

– வணக்கம். வரி அலுவலகத்திலிருந்து வர்றோம். இங்க... நீங்களா? வயித்து வலின்னு போன ஆள் இங்க என்ன பண்றீங்க?

– இது என் வீடு, மேடம்.

– உங்க வீடா? உங்க ஃபார்ம்ல யாரும் தொழில் நடத்தலேன்னுதானே இருக்கு? பார்த்துப் பதில் சொல்லுங்க, நான் எழுதிக்கப் போறேன். இங்க தையல் தொழில் நடக்குதா, இல்லையா?

– இல்லீங்க மேடம், அந்தக் கடுதாசி ஏதோ தப்பா...

– நடக்குது மேடம், பதினாறு வருஷமா. முதலாளி இவங்க. நான் இவங்ககிட்ட பொத்தான் தைக்கிற ஆள்.