ஒப்பிட்டுப் பார்க்க ஒருத்தி

டெக்னீஷியன்: ...இன்னும் கொஞ்சம்... மூச்ச விட்டுடாதீங்கம்மா... போதும். விடுங்க.

அக்கா: அப்பாடா! உயிரே போயிடுச்சு. ஏதாவது தெரியுதா தம்பி?

டெக்னீஷியன்: டாக்டர்தான் சொல்லணும்மா.

அக்கா: நீங்க பார்க்காததா? சும்மா சொல்லுங்க.

டெக்னீஷியன்: மூச்ச அடக்கினா மூளைக்குப் போற ரத்தக்குழாய் விரிஞ்சு கொடுக்கும். ரத்தம் வேகமா ஓடும். ஒற்றைத் தலைவலிக்காரங்க சிலருக்கு அது விரியுற விதம் மாறும்னு சொல்றாங்க. அது நிஜமான்னுதான் இந்த ஆராய்ச்சி.

தங்கை: எனக்கு எதுக்கு சார் ஸ்கேன் எடுத்தீங்க?

டெக்னீஷியன்: தலைவலியே வராத ஒருத்தரோட ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? உங்கக்காதான் உங்களச் சொன்னாங்க.

அக்கா: இவ தலை கருங்கல்லு தம்பி. இடி விழுந்தாலும் வலிக்காது.

தங்கை: ஆமா... உனக்கு வாய் மட்டும் வலிக்காது.

அக்கா: சும்மா இருடி. எவ்வளவு வித்தியாசம் தம்பி?

டெக்னீஷியன்: அது... பெருசா ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

அக்கா: ஒரே மாதிரியா?

டெக்னீஷியன்: ஒருத்தர வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. வலி இல்லாத நேரத்துல நார்மலா வர்றதும் உண்டு. உங்களுக்கு வலியே இல்லன்னு இதுக்கு அர்த்தம் இல்லம்மா.

அக்கா: இத எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து சொல்வீங்களா?

டெக்னீஷியன்: ...ஜெல்லத் துடைச்சுக்குங்க. வெளியில பெஞ்சுல உட்காருங்க. அடுத்தவங்கள கூப்பிடணும்.

தங்கை: வாக்கா. பார்த்து... கீழ படி இருக்கு.

அக்கா: முடிஞ்சுதுடி.

தங்கை: அவர்தான் சொன்னாரே, இத வெச்சு...

அக்கா: உங்க மாமாவுக்கு அதெல்லாம் ஏறுமா? "மெஷின் சொல்லட்டும், நம்புறேன். இல்லேன்னா இந்த நாடகத்த உங்க அம்மா வீட்டுல போய் ஆடு"ன்னுட்டார். மெஷினும் சொல்லிடுச்சு.

தங்கை: ஒரு கோவத்துல சொல்லியிருப்பார்க்கா.

அக்கா: பெட்டிய எடுத்து வெளியில வெச்சாச்சுடி. "உன் தங்கச்சியும் இதே வீட்டுல தங்கித்தானே வேலைக்குப் போறா? இதே சாப்பாடு, இதே தண்ணி. அவளுக்கு வராதது உனக்கு மட்டும் எங்கேருந்து வருது"ங்கிறார்.

தங்கை: ...முன்னாடியெல்லாம் உன் நெத்தியில ஈரத்துணி போட்டுவிட்டவர்தானே?

அக்கா: போன மாசம் தலை வெடிக்குதுன்னு ஜன்னலயெல்லாம் சாத்தச் சொன்னேன்ல... கொஞ்ச நேரத்துல நான் மாடியில பக்கத்து வீட்டுக்காரிகூட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தத பார்த்துட்டார்.

தங்கை: அதுக்குள்ளயா வலி விட்டுச்சு?

அக்கா: ...விட்டுச்சு.

தங்கை: அக்கா... நான் உள்ள போய் ஒண்ணு சொல்லிட்டு வந்துடுறேன்.

அக்கா: என்னத்த?

தங்கை: என்னைய அந்தக் கணக்குல சேர்க்காதீங்கன்னு. எனக்கும்... எனக்கும் இருக்குக்கா. உனக்கு வர்ற மாதிரியேதான். ஒரு பக்கமா பிளக்கும், வெளிச்சம் பட்டா வாந்தி வரும்...

அக்கா: மெதுவா பேசு.

தங்கை: பொண்ணு பார்க்க வந்தப்போ மாப்பிள்ளை வீட்டுல "அக்கா மாதிரி உனக்கும் உண்டா"ன்னு கேட்டாங்க. இல்லேன்னுட்டேன். அப்புறம் உன்கிட்ட சொல்லக்கூட வாய் வரல. மாமாகிட்டயும் நானே சொல்றேன். அதனாலதான் ஒரே மாதிரி வந்திருக்குன்னு...

அக்கா: உட்காரு.

தங்கை: கைய விடுக்கா! உன் வாழ்க்கைக்கா இது!

அக்கா: சொல்லு, போ. ஒரு நாடகக்காரி ரெண்டு நாடகக்காரி ஆயிடுவா, அவ்வளவுதான். உன் கல்யாணமும் நின்னுபோகும். எனக்கு என்ன மிஞ்சும்?

தங்கை: அதுக்காக இந்தப் பேர வாங்கிக்கிட்டுப் போவியா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ நடிச்சிருப்பியாக்கா? எனக்குத் தெரியாதா?

அக்கா: நடிச்சேன்டி. உனக்கு வலி வர்ற அன்னைக்கு உன் முகமே வெளுத்துப்போகும்... நீ வாயத் திறக்க மாட்டே. அதான் எனக்குத்தான் வலிக்குதுன்னு வீட்டையே இருட்டாக்கி, துணைக்கு இருன்னு உன்னப் பக்கத்துல படுக்க வெச்சேன். அன்னைக்கும் நீ கண்ணசந்தப்புறம்தான் மாடிக்குப் போனேன். உங்க மாமா சொல்றது பொய்யில்லடி.