'ஈரம்' என்றொரு அட்டை

அவையை அமைதியாக ஆளும் தலைவர் அவர்களே! ஆசான்களே! எது வானம், எது வண்டி என்று புரியாவிட்டாலும் பிள்ளைகளின் படங்களை வாயாரப் புகழ்ந்துகொண்டிருக்கும் அன்புத் தாய்மார்களே! கழுவியும் போகாத வண்ணக் கைகளோடு அமர்ந்திருக்கும் தோழர் தோழியரே! அனைவருக்கும் வணக்கம்.

நன்றியுரைக்கு அழைத்தார்கள். நன்றிக்கு முன்னால் ஒரு விளக்கவுரை தேவைப்படுகிறது.

கண்காட்சிக் கூடத்தின் கடைசிச் சுவரில் ஒரு படம். தையல் இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண், பல்லில் நூலைக் கடித்தபடி நம்மை முறைக்கிறாள். வரைந்தவள் என் வகுப்புத் தோழி. வரையப்பட்டவர், அவளைத் தாயாக இருந்து வளர்த்த தையற்கார அக்கா. மருந்தியல் படிப்பை விட்டு இவள் தூரிகையைத் தூக்கிய நாள்முதல் அக்கா இவளோடு பேசுவதில்லை. சோறு தருவார், சொல் தரமாட்டார். கண்காட்சிக்காவது வருவாரா? வந்தால் வாய் திறப்பாரா? என் தோழிக்குப் பரிசா பெரிது? அக்கா வாயிலிருந்து ஒரே ஒரு சொல் போதும்!

படத்துக்கு அவள் வைத்த பெயர் 'கோபம்'. பதற்றத்தில் பெயர் அட்டையை ஒட்ட மறந்துவிட்டாள். வண்ணம் காயவில்லையே, யாராவது தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று வேறொரு அட்டையை மட்டும் ஒட்டினாள். அதில் ஒரே சொல்: 'ஈரம்'.

சிரிக்கிறீர்கள். நடுவர் சிரிக்கவில்லையே! கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கினார். "ஈரம்! மண்ணின் ஈரமா? மழையின் ஈரமா? இல்லை, மனத்தின் ஈரம்! முறைப்புக்குள் மறைந்த பாசம்!" என்று முழங்கினார். நடுவர் ஐயா, தலை குனியாதீர்கள். நாங்களும்தானே தலையாட்டினோம்!

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரு மூஞ்சியில பாசம்? எம்மூஞ்சியிலயா?"

அக்கா! விறுவிறுவென்று வந்தார். படத்தின் நெற்றியில் விரலை வைத்தார். விரல் சிவப்பு. உடையில் துடைத்தார். உடையும் சிவப்பு. திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

"ஏண்டி, தொட்டா ஒட்டுது!"

"அதுக்குத்தானேக்கா ஈரம்னு எழுதி வச்சேன்."

"அதைப் பெருசா எழுதித் தொலைக்க மாட்டியா? புதுத் துணிடி இது!"

அவையோரே, 'ஏண்டி'! அகராதியில் இதைவிட அழகான சொல் உண்டா? என் தோழி அழுதாள். அக்கா திட்டினார். அழ அழத் திட்டினார். திட்டத் திட்ட அழுதாள். நடுவர் அதையும் ஆழ்ந்து ரசித்தார்.

விரல் பட்ட இடத்தில் நெற்றிச் சுருக்கம் கலைந்துவிட்டது. சரிசெய்து தரட்டுமா என்று ஆசிரியர் கேட்டார்.

"வேணாம் சார். இப்பதான் எங்கக்கா மாதிரி இருக்கு."

"ஆமா சார், எனக்கு அவ்ளோ சுருக்கமெல்லாம் கிடையாது!"

கலையால் என்ன பயன் என்று கேட்போரே! பூட்டிய வாயைத் திறக்கும் சாவி எந்தக் கடையில் கிடைக்கிறது? எங்கள் கூடத்தில் கிடைத்தது! திறந்த வாயை மூடும் வித்தையை மட்டும் எங்கள் ஓவியத் துறையில் இன்னும் கற்றுத்தரவில்லை. முதல் வரிசையைப் பாருங்கள். அக்கா தங்கையிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

அக்கா, ஒரே நிமிடம்... நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேனே? முடியாதா? சரி, நீங்கள் நிறுத்தவேண்டாம். நான் நிறுத்திக்கொள்கிறேன். எல்லாருக்கும் நன்றி, வணக்கம்!