அண்ணனின் முகத்துக்குப் போட்ட பேப்பர்

போட்டோப் பேப்பரில் எது அச்சுப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால், மூலையை உதட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டுகிற பக்கத்தில்தான் பூச்சு இருக்கிறது. மட்டக்களப்பில் பதினெட்டு வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். இதுவரை என் உதட்டில் ஒட்டியது அந்தப் பூச்சு ஒன்றுதான், கலியாணம் ஆகவில்லை.

எங்கள் கடற்கரை ஊரான கதிரவெளியில் சுனாமி வந்த காலை என் அண்ணன் ஜெயராஜா போய்விட்டான். மிஞ்சியது அம்மா செசீலியா, தங்கை மேர்லின், நான், அண்ணனின் ஒரேயொரு பாஸ்போட் சைஸ் படம். இந்த வரிசையில் அம்மா படத்தைத்தான் முதலில் வைப்பார்.

டவுனுக்குக் குடிவந்து, அதைப் பெரிதாக்கிப் பிறேம் போட்டுக் கொடுத்தேன். அம்மா பிறேமின் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தண்ணிக்குள்ள மூச்சு முட்டினவன மறுகாவும் அடைக்கிறியாடா?"

காலையும் மாலையும் படத்துக்கு முத்தம். சாப்பிட்டானா என்று விசாரணை. ஒரு நாள் நானே சொன்னேன்: "நான் இன்னும் தின்னல்லம்மா."

"சட்டிக்குள்ள கிடக்கு," என்றார், படத்தைப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் வந்தது. செத்தும் அவனே மூத்தவன். செத்தவனோடு சண்டை பிடிப்பது நியாயமில்லை என்று தெரியும். ஆகவே பேப்பரில் தொடங்கினேன்.

கலியாணப் படங்களுக்கு நல்ல பேப்பரும் பிக்மென்ட் மையும் போடுவேன். மாப்பிள்ளை ஓடினாலும் படம் மங்காது. அம்மாவுக்கு மட்டும் மலிவான பளபளப்புப் பேப்பர், சாதாரணச் சாய மை. அந்தப் பூச்சு முழுக்க நுண்துளைகள். மையைச் சட்டென்று குடித்துவிடும். முதல் நாள் படம் கண்ணைப் பறிக்கும். அதே துளைகளால் வாவிக் காற்றும் உள்ளே போகும். தடுக்கக் கண்ணாடியும் இல்லை. முதலில் நீலம் போகும். முகம் சிவக்கும், பிறகு மஞ்சள் தட்டும், வருடம் முடிவதற்குள் ஆளே வெளிறிவிடுவான்.

அப்போது அம்மா என்னிடம் வருவார். "புதுசா ஒண்டு அடிச்சுத் தா மனே."

மகனே என்று என்னைக் கூப்பிடுவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

அடுத்ததை மூலப் படத்திலிருந்து எடுக்கவில்லை. வெளிறியதையே ஸ்கேன் பண்ணினேன். அழிந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும்தானே? கையருகில் இருந்தது என் முகம். முதல் தடவை புருவம். அடுத்த வருடம் மூக்கு நுனி. பிறகு காது, உதடு. அவசரப்படவில்லை. என் மூக்கை அப்படியே வைக்க எனக்கே கூச்சமாக இருந்தது, கொஞ்சம் மெலிதாக்கினேன்.

போன மாதம் மேர்லின் கனடாவிலிருந்து வந்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது ஆரு சின்னண்ணா?"

"பெரியண்ணன்."

"அவர்ட சின்னப் படம் எங்க?"

அதை அடுப்பில் போட்டு, பழைய ஸ்கேனையும் அழித்து ஏழு வருடமாகிறது என்றேன். அவள் குசினிக்குள் போய் அழுதாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஓம், செய்தது நான்தான். அண்ணனின் முகம் இனி இந்த உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் யாருக்கு என்ன நட்டம்? அம்மா தினமும் முத்தம் கொடுப்பது எனக்குத்தான். நேற்று மாலை அவர் கும்பிடும்போது, படத்துக்குப் பக்கத்தில், அதே கோணத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தள்ளி இரிடா," என்றார். "அவன மறைக்காத."

தள்ளி உட்கார்ந்தேன். கோபமில்லை. மூக்கில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.