ஆறாவது மூடி

— எனக்குச் சரியா ஞாபகம் இல்ல மா. எந்த டப்பாவச் சொல்ற?

— ஸ்டோர்ல, மேல்தட்டுல இருந்தது மேடம். ஸ்பிரிங் தேடப் போனேன். உள்ள அஞ்சு மூடி. எண்ணெய்க் குழாய் வாயில மாட்டற மூடி. ரெண்டு மாசமா நான் மண்டைய உடைச்சுச் செஞ்சேனே, அச்சு அசல் அதே மாதிரி.

— பழைய சாமானா இருக்கும், விடு. நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து வர்றவர் முன்னாடி பேசணும். எங்க, ஒருதடவ பேசிக் காட்டு.

— சும்மா கேக்கறேன் மேடம். இன்டர்ன்ஷிப்புக்கு வர்ற எல்லாருக்கும் இதே வேலையா? பாட்டில் நிரம்பினதும் குழாய் சொட்டுது, நிறுத்த வழி கண்டுபிடின்னு?

— கதவச் சாத்து.

— சாத்திட்டேன்.

— ஆமா, இதேதான். தலைமை ஆபீஸ்லேருந்து வருஷத்துக்கு ஒருத்தர் வருவார், பாப்பார், கை தட்டிட்டுப் போவார். அதுல என்ன குறைஞ்சுபோச்சு? மத்த கம்பெனியில ஜெராக்ஸ் எடுக்க அனுப்புவாங்க. உன்ன அப்படியா வெச்சிருந்தேன்? நிஜமா கத்துக்கிட்டியா இல்லையா?

— கத்துக்கிட்டேன். ஆனா ஒரு மூடியக்கூட ஏன் மாட்டல?

— மாட்டிட்டா அடுத்த வருஷம் வர்றவங்களுக்கு என்னத்தக் கொடுக்கறது?

— சிரிக்காமச் சொல்றீங்க மேடம்.

— சிரிப்பு வரல மா. இன்டர்னுக்கு வேற வேலை கொடுங்கன்னு ஒவ்வொரு டிபார்ட்மென்ட் வாசல்லயும் போய் நின்னவ நான். சின்னப் பசங்க கை வெச்சா மெஷின் கெட்டுடும்னாங்க. கடைசியில இந்தச் சொட்டுதான் கிடைச்சது.

— அந்த டப்பாவ மேல ஏத்தி வெச்சது யாரு?

— நான்தான்.

— நாளைக்கு ஆறு மூடியையும் மேசைமேல வெக்கப் போறேன். இன்னும் ஏன் மாட்டலன்னு அவரே கேக்கட்டும்.

— அன்னிக்கே இன்டர்ன்ஷிப்ப இழுத்து மூடிடுவாங்க. உனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு இந்த வாசல மிதிக்க முடியாது.

— மூடட்டும்.

— வாய் கூசாமச் சொல்ற. சரி, இத யோசிச்சியா? சொட்டு நின்னா பாட்டில் கழுத்தத் துடைக்க ஆள் எதுக்கு? அங்க ரெண்டு பொம்பளைங்க துணியும் கையுமா நிக்கறாங்களே, அவங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கோபம்னா என்னத் திட்டு. அவங்க வயித்துல அடிக்காத.

— அவங்களுக்காகத்தான் மாட்டாம வெச்சீங்களா?

— அப்படிச் சொல்லிக்கிட்டுத்தான் தூங்கறேன்.

— அதுல ஒருத்தர் எங்கம்மா. சிபாரிசுன்னு பேசுவாங்களேன்னு இங்க யார்கிட்டயும் சொல்லல. துணி பிடிச்சுப் பிடிச்சு அவங்களுக்கு விரல் மடங்க மாட்டேங்குது. மூடி மாட்டினா வேலை போகும்னு அவங்களுக்கும் தெரியும். நாளைக்கு நான் வாயத் திறக்காம வந்தா, வீட்டுக் கதவத் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க.