மூன்றாவது மங்கல்

சமாதானம், சமாதானம்னு நானும் இவ்வளவு நேரமாப் பேசுதேன்... நீங்களும் தலையாட்டிக்கிட்டே இருக்கீங்க. ஆனா உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? "சாமிக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. அவன் எனக்குச் செஞ்சது சாமிக்குத் தெரியுமா?" அப்படித்தானே? சரி, பிரசங்கத்தை நிறுத்திக்கிடுதேன். ஒரு சின்னக் கதை சொல்லுதேன், கேளுங்க.

அமலதாஸ்னு ஒரு விஞ்ஞானி. நம்ம கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைதான். பெங்களூர்ல வேலை. என்ன வேலை? கோள் தேடுற வேலை! பூமி நம்ம சூரியனைச் சுத்துதுல்ல... அதே மாதிரி மத்த நட்சத்திரங்களையும் கோள்கள் சுத்துது. இந்த முப்பது வருஷத்துல ஆயிரக்கணக்குல கண்டுபிடிச்சிட்டாங்க. வானத்துலயே தொலைநோக்கியை மிதக்கவிட்டு, தங்க முலாம் பூசின கண்ணாடி வச்சு, எங்கேயோ கிடக்கிறதை எல்லாம் பாக்காங்க. நாம பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கோம்.

கோள் கண்ணுக்குத் தெரியாது. பின்ன எப்படிக் கண்டுபிடிக்காங்க? அந்தா எரியுதே டியூப்லைட்... அதுக்குக் குறுக்க ஒரு ஈசல் பறந்தா, வெளிச்சம் துளி குறையும்ல? நட்சத்திரத்துக்கு முன்னால கோள் கடந்தாலும் அப்படித்தான், வெளிச்சம் லேசா மங்கும். ஆனா விஞ்ஞானி உடனே நம்ப மாட்டான். ஒரு தடவை மங்குச்சா? கருவிக் கோளாறா இருக்கும். ரெண்டாவது தடவையா? தற்செயலா இருக்கும். அதே இடைவெளி விட்டு மூணாவது தடவையும் மங்கினாத்தான், "ஆமா, கோள் இருக்கு"ம்பான். நல்ல பழக்கம். வானத்துக்கு... நல்ல பழக்கம்.

இந்த அமலதாஸுக்கு ஒரே தம்பி. சூசை. ஊர்ப் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார். ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல்... அப்பா சாகுற வரைக்கும்.

அப்பா சாகும்போது அண்ணன் எங்க இருக்கான்? சிலி நாட்டுல, ஒரு மலையுச்சித் தொலைநோக்கி பக்கத்துல. "சூசை, வந்துக்கிட்டே இருக்கேன்டா... எடுத்திராத!" உலகத்தோட அந்தக் கோடியில இருந்து விமானம் மாறி மாறி வரணும். இங்க சொந்தக்காரங்க நெருக்குதாங்க. "பெரிய உசுரை எத்தனை நாள்தான்டா கிடத்தி வைப்ப?" தம்பி தடுமாறிட்டான். அண்ணன் பெட்டியோட வந்து இறங்குதான்... கல்லறையில மண்ணு இன்னும் ஈரமா இருக்கு.

"அப்பா முகத்தை எனக்குக் காட்டாமப் புதைச்சிட்டியேடா, பாவி!"

அன்னைக்கு நின்ன பேச்சு. நியாயமான கோவந்தான். நான் இல்லைன்னு சொல்லல.

அடுத்த வருஷம் கோயில் திருவிழா அன்னைக்கு சூசை போன் போடுதான். "அண்ணே... தப்புதாண்ணே. மன்னிச்சிருண்ணே." அழுதுட்டான். அமலதாஸ் போனை வச்சிட்டான். பக்கத்துல நின்ன சம்சாரம் பிலோமி கேக்கா, "என்னங்க, அவரு அழுதாரே?" இவன் சொல்லுதான், "திருவிழா வந்தா எல்லாருக்கும் அழுகை வரும். ஒரு தடவையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

அப்புறம் ஒருநாள் பஸ் ஏறிப் பெங்களூருக்கே வந்துட்டான் தம்பி. கையில அண்ணனுக்குப் பிடிச்ச நெத்திலிக் கருவாடு. அண்ணன் அறையை விட்டு வெளிய வரல. "வேலையா இருக்கேன்னு சொல்லு." சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு, "சரி மைனி... அண்ணனைத் தொந்தரவு பண்ண வேண்டாம்"னு எந்திரிச்சுப் போயிட்டான்.

பிலோமிக்குப் பொறுக்கல. "இன்னும் என்னதாங்க வேணும் உங்களுக்கு?"

"மூணாவது தடவையும் வரட்டும். அப்ப நம்புதேன்."

கேட்டீங்களா? நட்சத்திரத்துக்கு வச்ச விதியை... கூடப் பிறந்தவனுக்கு வச்சான்!

அப்ப ஒரு நட்சத்திரத்தையும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு தடவை மங்கியிருந்துச்சு. மூணாவது மங்கல் வரவேண்டிய நாள் வந்துச்சு. எல்லாரும் திரைக்கு முன்னால நிக்காங்க. வெளிச்சத்தைக் காட்டுற கோடு நேராப் போகுது... நேராப் போகுது... இறங்குச்சு! ஒரே கைதட்டல். இனிப்பை எடுத்து வாயில வைக்கப் போறான், அமலதாஸ் போன் அடிக்கு. பேரைப் பாக்கான். சூசை!

"சாமி, அந்த நிமிஷம் நான் சிரிச்சேன் சாமி"ன்னு அவனே எங்கிட்டச் சொன்னான். "இது மூணாவதுல்லா"ன்னு நினைச்சானாம். சந்தோஷமா எடுத்து, "சொல்லுடா சூசை..."ங்கான்.

அந்தப் பக்கம் ஒரு பொம்பளப்பிள்ளை குரல். "பெரியப்பா... நான் ஸ்டெபி பேசுதேன். அப்பா... அப்பா போயிட்டாங்க பெரியப்பா."

நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் உசுரு நிக்கல.

அந்த அடக்கத்துக்கு நான்தான் பூசை வச்சேன். அன்னைக்கும் சொந்தக்காரங்க நெருக்குனாங்க... "எப்ப எடுக்கப் போறீங்க?" அந்தப் பிள்ளை அசையல. வாசல்லயே நின்னுச்சு. அமலதாஸ் வந்து இறங்கினதும் கையைப் பிடிச்சுச் சொல்லுது, "பெரியப்பா, அப்பா எங்கிட்டச் சொல்லியிருந்தாங்க. 'எனக்கு ஒண்ணுன்னா, எங்கண்ணன் வந்து முகத்தைப் பாக்காம என்னைத் தூக்கக்கூடாது'ன்னு."

பாத்தான். தம்பி முகத்தை நல்லாப் பாத்தான். "நீ போன்ல அழுதப்பவே எனக்குத் தெரியும்டா சூசை... அப்பவே நம்பிட்டேன்டா..." யாருக்குக் கேக்கும்? சொல்லுங்க, யாருக்குக் கேக்கும்?

மக்களே... கோளுக்குப் பாதை உண்டு. இந்தத் தடவை விட்டா அடுத்த சுத்துல வரும். நாம காத்துக்கிட்டு இருக்கலாம், தப்பில்ல. மனுஷன் அப்படிச் சுத்தி வருவானா? "இன்னொரு தடவை கேக்கட்டும்... அவளா என் வாசப்படி ஏறட்டும்..." இப்படி எத்தனை பேரு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கோம்! இதே கோயில்ல அண்ணன் அந்த ஓரம், தம்பி இந்த ஓரம். ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்காம நற்கருணை வாங்கிட்டுப் போறதையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பேரு சொல்ல மாட்டேன்... சொல்லவே வேண்டாம், அந்தா தலை குனியுது.

உங்க தம்பி ஒரே ஒரு தடவை "அண்ணே"ன்னு கூப்பிட்டானா? போதும்ங்க. அதுக்கு மேல நிரூபணம் கேக்காதீங்க. இன்னைக்கே போங்க. அவன் முகம் உங்களைத் திரும்பிப் பாக்க முடியுற காலத்துலயே... போய்ப் பாத்திருங்க.